செண்பகம் அத்தை ஒட்டிய பைகள்

சூடான கம்பியில் பட்டு உருகும் பிளாஸ்டிக்கின் வாடை வந்தால் இன்று யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கோ சிறுவயதில் அதுதான் சாயங்காலத்தின் வாசனையாக இருந்தது. துவாக்குடியிலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு பஸ் என்று மாறி மாறி வந்து, அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செண்பகம் அத்தையின் புடவையிலும் தலைமுடியிலும் அந்த வாடை கமகமவென்று இருக்கும். நானும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சை இழுப்போம். "தள்ளுங்க பாப்பா, குளிச்சிட்டு வரேன், பூரா நாத்தம்" என்பாள் அத்தை. நாங்கள் விடமாட்டோம்.

அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை. திருவெள்ளறையில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன மாமாவை ஒருநாள் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளை இல்லை. மாமாவின் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை. அப்பா போய் அழைத்தபோது அவள் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: தாய் செத்துப்போனதால் அவளே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஒரு கிடாரிக் கன்று. "நீ பஸ்ல வா, கன்னை அப்புறமா யார்கிட்டயாவது சொல்லி ஓட்டி வரச் சொல்றேன்" என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஒரு தகரப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, கன்றின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு டோல்கேட் வழியாகக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தாள். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம் என்பதால் அதற்கு "மயிலை" என்று பெயர்.

மயிலை எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் வளர்ந்தது, அங்கேயே முதல் ஈற்றும் ஈன்றது. அத்தை அதைக் கொள்ளிடக் கரைக்கு ஓட்டிப்போய் மேய்ப்பாள், திரும்பும்போது ஒரு கட்டுப் புல்லும் அறுத்து வருவாள், பாலைத் தெருவில் தெரிந்த வீடுகளுக்கு ஊற்றுவாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் அவளுக்கு இல்லை. அடுத்த சினைக்கு மாடு பால் வற்றி நின்றதும் அந்தக் கூச்சம் வந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் சோற்றுக்குத் தட்டை நீட்டும்போது அத்தையின் கை கொஞ்சம் பின்வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி துவாக்குடியில் பிளாஸ்டிக் பை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள்தான் அத்தையையும் கூட்டிப்போனாள்.

அங்கே அத்தைக்குக் கிடைத்தது "சீலிங்" வேலை. நீளக் குழாய் போல வரும் பிளாஸ்டிக்கை அளவாக வெட்டி, அடிப்பக்கத்தைச் சூடான கம்பிக்கு நேராக வைத்துக் காலால் பெடலை மிதித்தால் ஒட்டிக்கொள்ளும். சூடு கூடினால் பை அறுந்துவிடும், குறைந்தால் வாய் பிளந்துவிடும். அத்தைக்குச் சீக்கிரமே பதம் பிடிபட்டுவிட்டது. செண்பகம் ஒட்டிய பையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டாலும் சொட்டாது என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னாராம். அதை அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. திருவெள்ளறையிலிருந்து வந்தபிறகு யாரும் அவளை எதற்காகவும் மெச்சியதில்லை.

"டேமேஜ்" என்று ஒதுக்கிய பைகளைக் கம்பெனியில் வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார்கள். அதுவரை எங்கள் வீட்டுக்குச் சாமான் வந்த விதமே வேறு. பருப்பும் மிளகாயும் செய்தித்தாளில் கட்டிச் சணல் நூல் சுற்றிய பொட்டலங்களாக வரும். எண்ணெய்க்குத் தூக்குவாளி, காய்க்கு மஞ்சள் பை, பூவுக்கு வாழை இலை. அத்தை கொண்டுவந்த பைகளைப் பார்த்து அம்மா அசந்துபோனாள். ஈரம் படாது, எறும்பு ஏறாது, உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஒவ்வொன்றையும் கழுவி, ஜாக்கெட் காயப்போடுவது போலக் கொடியில் கிளிப் குத்திக் காயவைத்து, மடித்து, பரணில் அடுக்குவாள். தெருவில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் "செண்பகம், ரெண்டு பை கொடேன்" என்று கேட்டு வருவார்கள். மழை பிடித்துக்கொண்டால் நானும் தம்பியும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். "எங்க அத்தை செஞ்சது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

பகல் முழுவதும் அத்தை துவாக்குடியில் இருந்ததால் மயிலையை மேய்க்க ஆள் இல்லாமல் போயிற்று. காலையில் தவிடும் தண்ணீரும் காட்டி அவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதி மாடுகள் அப்படித்தான். தானாகப் போகும், வெயில் தாழ்ந்ததும் தானாக வீடு வந்து சேரும். மயிலை நேராக அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும். வெளியூர் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக் காவிரியில் முழுகிவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையையும் தயிர்சாதத்தையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மிஞ்சியதை மாட்டுக்கு வைப்பார்கள். முன்பு அது வாழை இலையில் இருந்தது, மாடு இலையோடு சேர்த்துத் தின்றது. பிறகு ஒவ்வொரு மூட்டையிலும் பிளாஸ்டிக் பை வர ஆரம்பித்தது. சோறு சிந்தக் கூடாதே என்று வாயை நன்றாக முடிச்சுப் போட்டு, கும்பிட்டுவிட்டு, மாட்டின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள்.

முந்தின இரண்டு கன்றுகளும் விலைக்குப் போய், மயிலை மூன்றாவது கன்றுக்குச் சினையாக இருந்த சமயம். முதலில் தீனி குறைந்தது. சினை மாடு அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். பிறகு அசைபோடுவது நின்றது. இடது பக்கம் வயிறு பறைபோல உப்பிக்கொண்டு வந்தது. இஞ்சி, ஓமம், வெற்றிலை, விளக்கெண்ணெய் என்று தெருவில் ஒவ்வொருவரும் சொன்னதையெல்லாம் அத்தை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டிப் பார்த்தாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அப்பா போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழிந்தபடியே இருந்தது.

"என்னம்மா தின்னுச்சு?"

"வழக்கமா திங்கிறதுதாங்க. தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல்."

"அவுத்து விடுறீங்களா?"

அத்தை மயிலையின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்தாள். அப்பாதான் "படித்துறைப் பக்கம் போயிட்டு வரும் சார்" என்றார்.

"திறந்துதான் பார்க்கணும். சினை வேற. பொழைக்கும்னு நான் சொல்லமாட்டேன். இப்படியே விட்டா கண்டிப்பா பொழைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

அத்தை யோசிக்கவில்லை. "திறங்க சார்" என்றாள்.

மறுநாள் காலையில் எங்கள் கொல்லையில், மாட்டை நிற்கவைத்தே, மரத்தோடு சேர்த்துக் கட்டி, மரக்க ஊசி போட்டு, டாக்டர் இடது விலாவில் கத்தி வைத்தார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். அத்தை மாட்டின் தலையைத் தன் மார்போடு அணைத்து, அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டரின் கை தோள்வரை உள்ளே போயிற்று. கை வெளியே வந்தபோது அதில் பை இருந்தது. மறுபடி பை. பைக்குள் பை, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, நனைந்த துணி மூட்டை போல, கறுத்து, நாற்றமெடுத்து, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அம்மா கொண்டுவந்து வைத்த அண்டா நிறைந்து கீழே வழிந்தது. சில பைகளில் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே கறுத்துப்போன சோறு.

தையல் போட்டு முடித்து டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அத்தை குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு பையை உருவினாள். குழாயடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தண்ணீர் பிடித்தாள். சொட்டவில்லை.

"அண்ணி, ஒட்டு விடல பாருங்க" என்றாள் அம்மாவிடம். "வயித்துக்குள்ள இத்தனை காலம் கிடந்திருக்கு. ஒட்டு விடல."

அது அவள் கையால் ஒட்டிய பைதானா என்று யாருக்கும் தெரியாது. ஊரில் எத்தனையோ கம்பெனிப் பைகள் புழங்கின. அப்பா அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றப் பார்த்தார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

இரண்டொரு நாள் மயிலை தேறிவிடும் போலத்தான் இருந்தது. ஒரு பிடி அறுகம்புல்லைத் தின்றது. தெருவே வந்து பார்த்து சந்தோஷப்பட்டது. அதன்பிறகு காய்ச்சல் கண்டது. ஒரு மத்தியானம், அத்தை அதன் கழுத்துச் சதையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, கால்களை நீட்டிப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்த கன்றும் போயிற்று. அத்தை சத்தம் போட்டு அழவில்லை. மாமா இறந்தபோதும் அப்படித்தான் இருந்தாள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அத்தை போகவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தது. "நீ போகலேன்னா அவன் பை செய்யறதை நிறுத்திடுவானா? அந்த இடத்துல இன்னொருத்தி உட்கார்ந்து மிதிக்கப் போறா. நஷ்டம் உனக்குத்தான்."

"மிதிக்கட்டும் அண்ணே. என் கால் வரமாட்டேங்குது" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். லீவு நாட்களில் படித்துறைக்குப் போய்விடுவாள். ஒரு சாக்கை விரித்துக்கொண்டு, சாப்பிட்டு முடிக்கும் ஆட்கள் பக்கத்தில் போய் நின்று, "சோத்தைக் கீழ கொட்டிடுங்கம்மா, பையை இங்க கொடுங்க" என்று கையை நீட்டுவாள். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்துச் சிலர் காசு போட்டார்கள். "புண்ணியத்துக்கு வைக்கிறோம், உனக்கென்ன இதுல?" என்று ஒருமுறை ஒரு பெரியவர் அதட்டினார். அன்று நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அத்தை நிதானமாக, "மாட்டுக்கு முடிச்சு அவுக்கத் தெரியாதுங்க" என்றாள். அந்தப் பெரியவர் உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

எல்லாரும் அவரைப் போல இல்லை. தெருவில் அவளுக்குப் "பை செண்பகம்" என்று பட்டப்பெயர் வந்தது. பை செய்து பிழைத்தவளே பை கூடாது என்கிறாளே என்று சிரித்தார்கள். அவள் சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவாள். அடுத்த வாரம் அதே இடத்தில் அதைவிட அதிகமாகக் கிடக்கும். பொறுக்கியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. எரித்தால் வாடை; புதைத்தால் மழைக்கு மேலே வந்துவிடுகிறது. கொல்லை மூலையில் சாக்குகள் சேர்ந்துகொண்டே போயின. எங்கள் தெருவிலேயே இன்னும் சில மாடுகள் வயிறு உப்பிச் செத்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் அத்தை போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

மணப்பாறைச் சந்தையில் நல்ல கன்றாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்று அப்பா ஒருமுறை சொன்னார். அத்தை அவர் முகத்தைப் பார்க்காமலே, "வேணாம் அண்ணே. அதுக்கு நான் என்னன்னு சொல்லி வெளியில அனுப்புவேன்?" என்றாள். பிறகு எங்கள் வீட்டில் யாரும் மாடு வாங்கும் பேச்சை எடுக்கவில்லை.

அத்தை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை கடைக்குத் தூக்குவாளியும் துணிப்பையுமாகத்தான் போனாள். நானும் முடிந்தவரை அப்படித்தான் இருக்கிறேன். மாவும் தயிரும் வாங்கப் பாத்திரம் எடுத்துப்போகிறேன். கடைக்காரர் சில சமயம் சலித்துக்கொள்கிறார். பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று கடைகளில் பலகை தொங்குகிறது, பலகைக்குக் கீழேயே பையும் தொங்குகிறது. அத்தை செய்து பார்த்ததுக்கு மேல் நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

சென்ற அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அத்தையின் நினைவாக மாட்டுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு படித்துறையிலும் வீதிகளிலும் சுற்றினேன். தெருவை அடைத்துக்கொண்டு படுத்திருந்த அந்த மாடுகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அடையவளஞ்சான் வீதியில் நாங்கள் குடியிருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வெகுநேரம் கழித்து ஒரு சந்துக்குள் மாடு கத்தும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகைக்குள், திரும்பிப் படுக்கவும் முடியாத அளவுக்குக் குட்டையான கயிற்றில், ஒரு கறவை மாடு நின்றிருந்தது.

"கையில கொடுங்கம்மா, இங்கயே நின்னு பார்த்துக்கிட்டுக் கொடுங்க" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"வெளியில விடுறதே இல்லையா?" என்று கேட்டேன்.

"அவுத்து விட்டா உயிரோட திரும்பாதும்மா" என்றாள் அவள், சாணியை வழித்துக்கொண்டே. "கன்னா வந்ததுலேர்ந்து இது தெருவையே பார்த்ததில்ல."

மாடு என் கையிலிருந்த கீரையை ஒவ்வொரு கொத்தாக இழுத்துத் தின்றது. தீர்ந்ததும், இன்னும் இருக்குமோ என்று என் உள்ளங்கையை நக்கிப் பார்த்தது. அத்தையாக இருந்திருந்தால் அதன் காதில் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன்.