விளம்பரத்தை யாரும் அழுத்தாதீர்கள்

சொந்தமாக ஒரு சின்ன இணையதளம் நடத்துவது, ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் கடையைத் திறந்துவைத்து, யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தொழில். இதைப் படிக்கும் யாராவது அந்தப் பாவத்தைச் செய்திருந்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

என்னுடையது வாழைத்தார் விலை சொல்லும் தளம். பூவன் என்ன விலை, கற்பூரவல்லி என்ன விலை என்று காலையில் மண்டிகளுக்குப் போன் போட்டு விசாரித்து, உறையூர் வீட்டில் உட்கார்ந்தபடியே அட்டவணை போடுவேன். பக்கத்தில் தானாக வரும் விளம்பரங்களை ஆட்கள் பார்த்தாலோ அழுத்தினாலோ எனக்கு வருமானம். இதற்காக ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலையை விட்டிருந்தேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மகளின் பீஸைத் தளம் சம்பாதிக்காவிட்டால் பழைய ஆபீசுக்கே திரும்பிவிடுவதாக வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அவர் காலேஜ் வாத்தியார். கெடு வைத்தால் வைத்ததுதான்.

ஊரே படிக்கிறது

மாதங்கள் போயும் பார்வையாளர் எண்ணிக்கை நகரவே இல்லை. யாருமே படிக்கவில்லையோ என்ற பயத்தில், வாழை விளையும் தொட்டியத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் போனிலும் என் அட்டவணை! எல்லாம் வாட்ஸப்பில் வந்த படம். ராமசாமி என்ற விவசாயி மட்டும் தினமும் தளத்தைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வட்டாரத்தில் உள்ள எல்லாக் குரூப்புக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் படித்தும் என் கணக்கில் வந்தவர் ஒருவர்தான்.

அவரைத் தேடிப் பிடித்தேன். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"இவ்வளவு பேரும் வந்து உங்களுக்குத் தொந்தரவு குடுக்கணுமா மேடம்? அதான் நான் ஒருத்தன் மட்டும் வந்து எடுத்துட்டுப் போயிடறேன்."

துபாயில் வீடு

எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. விளம்பரக் கம்பெனி அனுப்புவதுதான். மே மாதத்தில் ஒரு நாள் கோடை மழையோடு சூறைக்காற்று அடித்து, ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழை சாய்ந்தது. அன்றைக்குத்தான் என் தளத்துக்கு நிஜமாகவே கூட்டம் வந்தது. நான் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது முசிறியிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"தோட்டமே படுத்துக் கெடக்கும்மா. சாஞ்ச தாரு என்ன வெலைக்குப் போவும்னு பாக்க வந்தா, துபாய்ல வீடு வாங்குங்கிறீங்களே, இது நியாயமா?"

அன்பியத்தின் உதவி

எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். அன்பியம் என்று பெயர். அந்த மாதம் எங்கள் வீடு. நான் சுண்டலும் டீயும் எடுத்துவர அடுக்களைக்குப் போன நேரத்தில், என் மாமியார் எழுந்து, "எங்க மருமகளோட விளம்பரத்தை எல்லாரும் அழுத்துங்க, புள்ளைக்கு பீஸ் கட்டணும்" என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் எங்கள் வீட்டு வைஃபையிலேயே இணைந்து, வஞ்சனை இல்லாமல் அழுத்தியிருக்கிறார்கள். நான் வந்தபோது ஒரே அமைதி. இன்னும் தியானத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நமக்குத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே அழுத்துவது விளம்பரக் கம்பெனியின் விதிப்படி மோசடி. மறுநாளே என் கணக்கை முடக்கினார்கள். மன்றாடி எழுதினேன், மறுத்துவிட்டார்கள். ஜூனுக்குச் சில நாட்களே இருந்தன. வாய்விட்டு அழுதேன். மாமியார் கலங்கிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் மட்டும் ஜெபம் முடியறதுக்கு முன்னாடியே அழுத்த ஆரம்பிச்சுட்டேம்மா. அதனாலதான் இருக்குமோ?"

கொள்ளிடக்கரை பாய்

பழைய ஆபீசுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியும்விட்டேன். வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் சவுக்குக் கம்பு விற்கும் காதர் பாய் கூப்பிட்டார். அடுத்த காற்றுக்குள் மிச்ச வாழைக்கு முட்டுக் கொடுக்க எல்லாரும் கம்பு தேடும் சமயம். விளம்பரம் வேண்டுமாம், ஒரு வருஷத்துக்கு, பணம் முன்கூட்டியே. மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன்: "பாய், என் தளத்துக்கு அவ்வளவாக யாரும் வர்றதில்லைங்க."

"நானும்தான் வந்ததில்லம்மா. ஆனா தெனம் காலையில ஒங்க வெலைப்படம் எனக்கு நாலு பக்கத்துலேருந்து வருது. அந்தப் படத்துக்கு அடியில என் கடை நம்பரைப் போட்டுடுங்க, போதும்."

போட்டேன். பாயைப் பார்த்து உரக்கடைக்காரரும் வந்தார், கன்று விற்பவரும் வந்தார். திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போகவில்லை. பீஸ் ரசீதை வீட்டுக்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பீரோவில் வைத்தார். ராமசாமிக்குப் போன் செய்து, ஒரு நாள்கூட விடாமல் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

"அதத்தானே மேடம் நான் மொதல்லேருந்து பண்ணிட்டிருக்கேன்!"

நான்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கு வராதவர்கள்தான் என் மகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.