அண்ணன் போக நினைத்த வீடு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரைச் சட்டமன்ற உறுப்பினராக அறிந்தவர்கள். நான் அவருக்கு ஒரே தம்பி. கடைசிவரை அவருடைய அலுவலகத் தொலைபேசியை எடுத்துப் பேசியவன். அவர் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சோமனூருக்குப் பக்கத்தில். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ரகசியம் சொன்னால் பக்கத்து வீதிக்குக் கேட்கும். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை விட்டுவிட்டுத் தறியில் நின்றார், என்னைப் படிக்க வைத்தார். நூல் கிடைக்காமல் தறிகள் நின்ற ஒரு சமயம், நெசவாளர்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார். அரசியல் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளில் கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுத்தபோது, மேற்கே மலையடிவாரத் தொகுதியைக் கொடுத்தது. வெளியூர்க்காரர் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சை அவர் அடக்கியது மேடையில் அல்ல. தொகுதிக்குள் எந்த ஊரில் எழவு என்றாலும் மாலையோடு போய் நின்றார். வாசலில் வரிசையாக நிற்கும் ஆண்களின் கையை ஒவ்வொன்றாகத் தொட்டுத் துக்கம் கேட்டார். "கல்யாணத்துக்கு நீ போ தம்பி, எழவுக்கு நான் போறேன்" என்பார். ஜெயித்த பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

ஒருநாள் காலை ஒரு போன் வந்தது. "ஏனுங்க, வாத்தியார் தோட்டத்துல எழவுங்க. எம்.எல்.ஏ. வருவாருங்களா?" என்றது ஒரு வாலிபனின் குரல். வருவார் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வாத்தியார் தோட்டம் என்றால் வாத்தியார்தானே என்று நினைத்தேன்.

போய் இறங்கினால், வாத்தியார் சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மாலையைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குங்களா? இன்னும் நாளு கெடக்குதுங்க" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார். அசடு வழியக் குடித்துவிட்டுக் காரில் ஏறினோம். பாதி வழியில் டிரைவர் சொன்னார்: "பம்ப் ரூமுக்குப் பின்னால பாடை கட்டிட்டிருந்தாங்கங்க. அங்க வேலை செஞ்ச பெரியவரு போலிருக்குங்க."

"திருப்புப்பா வண்டிய" என்றார் அண்ணன்.

தடுத்தவன் நான். அடுத்து ஒரு கல்யாணம் இருந்தது, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, இழவு வீட்டுக்குள் போனால் தலை முழுகாமல் கல்யாண வீட்டில் கால் வைக்க முடியாது. "நாளைக்கு வந்து கேட்டுக்கலாங்கண்ணா" என்றேன். வண்டி கல்யாணத்துக்கே போனது. மாலை பின் சீட்டிலேயே கிடந்து வாடியது.

நான் சொன்ன அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. சட்டசபை கூடியது, பிறகு எதையெதையோ சொல்லி நானே தள்ளிப்போட்டேன்.

அதற்கப்புறம்தான் அண்ணன் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தார். தினமும் காலையில் வீட்டு முன்ஹாலில் மனு வாங்குவார். எல்லோரும் போன பிறகு, "கக்கத்துல துண்ட வெச்சுட்டுக் கடைசியா நின்னாரே ஒரு பெரியவர், அவரு எங்கடா?" என்பார். வரிசையை ஒழுங்குபடுத்துகிறவன் நான். அப்படி யாரும் நிற்கவில்லை. சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியிலிருந்து ஒருநாள் போன் செய்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. "தம்பி, இங்க வராந்தாவுலயும் நிக்கறாருடா. உள்ள வாங்கன்னு கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாரு." அண்ணி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தூக்கம் போதவில்லை என்றார் டாக்டர். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில் அண்ணன் தோற்றார். அதற்காக அவர் வருந்தியதை நான் பார்க்கவில்லை. நெஞ்சுவலி வந்து படுக்கையில் விழுந்த பிறகு, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த பம்ப் ரூம் ஊட்டுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துரலாம் கண்ணு" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். "ஒடம்பு தேறட்டுங்கண்ணா" என்றேன். நாலாம் நாள், வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய்விட்டார்.

உடம்பைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிவிட்டோம். பன்னீர் தெளித்தோம். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியவன் நான். சாயங்காலம் எடுக்கும்வரை வாசல் பந்தலில்தான் அண்ணன் கிடந்தார். நீங்கள் எல்லோரும் வந்து பார்த்தீர்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், ஒரு மாலையை வாங்கிக்கொண்டு தனியாக வாத்தியார் தோட்டத்துக்குப் போனேன். பம்ப் ரூமுக்குப் பின்னால் ஒரே ஒரு வீடு. பெரியவரின் மகன் வெளியே வந்தார். அன்று போனில் பேசிய அதே குரல். நான் யார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எதுக்குங்க நீங்க சிரமப்பட்டுட்டு? அதான் உங்க அண்ணன் வந்து கேட்டுட்டுப் போயிட்டாருங்களே."

"எப்பங்க?"

"வெள்ளிக்கெழம மத்தியானமுங்க. வண்டியக் காணமுங்க, தனியா வந்தாரு. செருப்புக்கூட இல்லைங்க. என் கையத் தொட்டாரு, ஒரு வார்த்த பேசல. பொழுது சாஞ்சு கடைக்குப் போனப்பத்தாங்க சொன்னாங்க, அவரு விடியக்காலமே போயிட்டாருன்னு. எங்கம்மா இன்னும் நம்பலீங்க."

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "நல்லா எனக்குத் தெரியுமுங்க, அவருதான். பன்னீர் மணந்துதுங்க. பாவம், காலுக்கு என்ன ஆச்சுங்களோ? எட்டு வெச்சு நடக்க முடியாம, ரெண்டு காலையும் சேத்துச் சேத்துத் தத்தித் தத்தி வந்தாருங்க."

கொண்டுபோன மாலையை அந்த வாசலிலேயே வைத்தேன். காரில் போய் இறங்க வேண்டிய அண்ணனை அத்தனை தூரம் அப்படி நடக்க வைத்தவன் நான்தான்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், இரவு பகலாகப் பணிவிடை செய்த அண்ணிக்கும், பந்தலில் நின்று பாரம் சுமந்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் முதல் நன்றி அந்த மகனுக்கு. இத்தனை வருஷம் கழித்து, கூட்டிவர ஆளில்லாமல் வாசலில் வந்து நின்றவரிடம், ஏன் இப்போது வந்தீர்கள் என்று கேட்காமல் அவர் கையை நீட்டினார்.