துரை யாருக்காகக் காத்திருந்தார்?

ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். வாயை அடக்கு என்று அம்மா சொல்லாத நாளில்லை. நான் அடக்கிய நாளுமில்லை. ஐம்பதுகளில் பெங்களூரில் ஒரு ஃபாக்டரியில் டைப்பிஸ்டாக இருந்தேன். புது மெஷின்களை ஓட்டிப் பழக்கிவிட ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினீயரை அனுப்பியிருந்தார்கள். சுதந்திரம் வந்து வருஷங்கள் ஆகியும், எங்கள் கன்டோன்மென்ட் வாய்க்கு அவர் துரைதான், அவர் மனைவி துரைசானிதான்.

வந்த புதிதில் சிரித்த முகமாக இருந்த மனுஷன், சில மாதங்களில் துரும்பாக இளைத்துவிட்டார். காபியைத் தொடாமலே ஆறவிட்டுவிடுவார். சாயங்காலம் சங்கு ஊதி, எல்லோரும் பஸ் ஏறப் போன பிறகும் தன் அறையிலேயே உட்கார்ந்திருப்பார். வேலை எதுவும் செய்யமாட்டார், கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். குடிக்கிறார் என்றார் ஒருவர். துரைசானியோடு சண்டை, வீட்டுக்குப் போகப் பயம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை.

ஒருநாள் துரைசானியே என்னைத் தேடி வந்தார். துரை தூங்குவதேயில்லையாம். நரம்புத் தளர்ச்சி, ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாதியில் திரும்பினால் அங்கே வேலை இருக்காது, ஆனாலும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸைக் கோட்டைவிட்டாலும் பரவாயில்லை என்று நேரே அவர் அறைக்குப் போனேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

ஃபோர்மேன்களுக்காக என்றார். இதோ வருகிறேன் என்று தினமும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம், ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லையாம். ஒருநாள் காலையில் மூத்த ஃபோர்மேனைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், நேற்று வருகிறேன் என்றாயே என்று. அந்த மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "அதான் வந்துட்டேனே சார்!" என்றாராம்.

"என்னைக் கேலி செய்கிறார்கள். இங்கே ஒருவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துரையின் முகம் சிவந்துவிட்டது. பாவி, நோயாளி முன்னால் சிரிக்கிறேனே என்று அவசர அவசரமாக விளக்கினேன். கிளம்புகிறபோது போறேன் என்று நாங்கள் சொல்வதில்லை, அது ஆகாத சொல். தமிழர்கள் வரேன் என்போம், கன்னடக்காரர்கள் பர்த்தீனி என்பார்கள். அதைத்தான் நம் ஃபோர்மேன்கள் அப்படியே இங்கிலீஷாக்கி, "ஐ ஆம் கமிங், சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் எப்போது வருவதாக அர்த்தம்?"

"மறுநாள், சார்."

"மறுநாள்," என்றார் துரை. "வந்தார்களே. தினமும் வந்தார்களே."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, டெலிபோனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். அவர்கள் பாஷையில் ஏதோ நாலு வார்த்தை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா?

"இவர்களுக்கு என்மேல் கோபமில்லையாம், என்று சொன்னேன்," என்றார்.