குலுக்குப் பாதையில் பத்து வண்டிகள்

கார் ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பாம்புக்காது என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகைத் திருப்பியதும் பாம்புக்காது என்பார்கள். முதுகைத் திருப்பினாலும் அவளுக்குக் கேட்கும் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. சம்பளம் வாங்குவதே அந்தக் காதுக்குத்தானே.

அவள் வேலை இதுதான். பூட்டி முடித்த புது வண்டி கடைசியாக அவளிடம் வரும். வளையல், தோடு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆலைக்குப் பின்புறம் வேண்டுமென்றே மேடும் பள்ளமுமாகப் போட்டிருக்கும் தடத்தில் ஓட்டுவாள். குலுக்குப் பாதை என்று அதற்குப் பெயர். ஊரெல்லாம் சும்மா கிடைப்பதை நம் கம்பெனி செலவழித்துப் போட்டிருக்கிறது என்று ஆலையில் கிண்டல் உண்டு. எங்காவது திருகு தளர்ந்து கடகடத்தால், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசிக் கிறீச்சிட்டால், முன்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஒன்றுமில்லையென்றால் பச்சை. அவள் சிவப்பு ஒட்டிய வண்டி, யார் சொன்னாலும் வாசலைத் தாண்டாது.

இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா? பக்கத்து வீட்டுக் கீல், மாடி வீட்டுக் குழாய், ஃபிரிட்ஜின் முனகல் எல்லாம் அவள் தலையில்தான் வந்து விடியும். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் எழுந்துபோய் எதையாவது இறுக்கிவிட்டு வருவாள். வாய்த்த புருஷனோ பழைய கார் தரகர். கதவு திறந்தால் சாத்தாத வண்டியைக்கூடக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய வண்டி என்று விற்கிற ஆள். அவர் வண்டிகளை நிறுத்தியிருக்கும் மைதானத்துக்கு அவள் போனால் நாலு குறையாவது சொல்லாமல் திரும்ப மாட்டாள். அதற்காகவே அவர் வாங்கும்போது அவளைக் கூட்டிப் போவார், விற்கும்போது விட்டுவிட்டுப் போவார்.

அவர்கள் குடித்தனத்தில் ஒரு வசதி இருந்தது. நாட்டில் புது வண்டி நன்றாக விற்றால் அவளுக்கு ஓவர்டைம். புது வண்டி படுத்துவிட்டால் ஜனங்கள் பழைய வண்டியைத் தேடி அவரிடம் வருவார்கள். ஒருவர் முகம் தொங்கினால் இன்னொருவர் முகம் மலரும். எப்படியும் அடுப்பு எரிந்தது. இந்த ஒரு வருஷமாகத்தான் இரண்டு முகமும் சேர்ந்து தொங்கின.

பெட்ரோல் வண்டி வாங்கினால் நாளைக்கு மதிப்பு இருக்காது என்று ஒரு பேச்சு. பேட்டரி வண்டியை இப்போதே வாங்குகிறவன் ஏமாளி, அடுத்த வருஷம் பாதி விலைக்கு வரும் என்று ஒரு பேச்சு. கப்பல் கப்பலாக வெளிநாட்டு வண்டி இறங்கப் போகிறதாம், வரி குறையப் போகிறதாம், இல்லை ஏறப் போகிறதாம். ஆளுக்கொரு ஜோசியம். கேட்டவர்கள் எல்லாரும் புத்திசாலிகளாகி, எதையும் வாங்காமல் காத்திருந்தார்கள். தரகர் தன் வண்டிகளைத் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் போய்விடும்போல் இருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டுப் போனாக்கூடப் பரவாயில்ல. எல்லாரும் பாப்போம் பாப்போம்னே சொல்றான்" என்று சாப்பிடும்போது புலம்புவார்.

அவளும் புலம்பினாள். ஆலையில் மூன்று ஷிப்டு இரண்டானது, பிறகு ஒன்றரையானது. அந்த அரை ஷிப்டு என்பது என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு பேட்டரி வண்டியை அறிவித்தது. கம்பெனிக்கு இரண்டு ஆலைகள். இது ஒன்று, வேறோர் ஊரில் இன்னொன்று. புது வண்டி இரண்டில் ஒன்றுக்குத்தான். இரண்டு ஆலையும் பத்துப் பத்து வண்டி மாதிரிக்குச் செய்து, திங்கட்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். வண்டி கிடைக்காத ஆலைக்கு என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒப்படைப்பைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தாள். மடிப்புக் கலையாத சட்டை, அலுங்காத பேச்சு. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, சுவரில் ஒரு படம் காட்டினாள். நாட்டில் அடுத்தடுத்த வருஷங்களில் வண்டி எப்படி விற்கும் என்பதற்கான படம். கோடு படிப்படியாக ஏறிக்கொண்டே போயிற்று. கவலைப்பட ஒன்றுமில்லை, சந்தை திரும்பப் போகிறது என்று சிரித்தபடியே சொன்னாள். அன்றைக்கே அவளுக்கு ஏணி மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. பாம்புக்காதும் அந்த ஏணியை நம்பத்தான் பார்த்தாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தரகர் மைதானத்தில் ஒரு வண்டிகூட நகர்ந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பேட்டரி வண்டி அவளிடம் வந்தது. கதவைச் சாத்தியதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை அமைதி. இத்தனை வருஷமாக இன்ஜின் என்கிற வாயாடியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது புகுந்த வீடு மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குலுக்குப் பாதையில் இறங்கினாள். முதல் மேட்டில் ஏறி இறங்கும்போது, மிக அருகில், டக் என்றது. அடுத்த மேட்டில் மறுபடியும் டக்.

சிவப்பு ஒட்டினாள். இரண்டாவது வண்டியிலும் அதே டக். மூன்றாவதிலும் அதே. சூப்பர்வைசர் ஓட்டிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் அவளோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவள் கேட்கிறது என்றால் கேட்கிறதுதான் என்று எத்தனையோ முறை மேலே சண்டை போட்டிருக்கிறார். இப்போதும் போட்டார். சனிக்கிழமை முழுவதும் மூன்று வண்டியையும் பிரித்துப் போட்டுத் தேடினார்கள். டாஷ்போர்டு தரையில் கிடந்தது, ஒயரெல்லாம் வெளியே தொங்கியது. வண்டி பூட்டும் வரிசையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அக்காவும் இல்லை, பாம்புக்காதும் இல்லை. நம் சோற்றில் மண் போடுகிறாளே என்று ஒருவன் சொன்னான். அதுவும் அவளுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தாள். தரகர் பார்த்தார். ஒரு பழைய வண்டி விலைக்கு வந்திருக்கிறது, காதைக் கொஞ்சம் இரவல் கொடு என்று கூட்டிக்கொண்டு போனார். ஓட்டிப் பார்க்க எடுத்தார்கள். விற்கிற வண்டியில் பெட்ரோல் ஊற்றிவைக்க யாருக்கும் மனசு வராது, வாசனைக்குத்தான் இருக்கும். பாலத்தின் உச்சியில் ஏறியதும் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. ஸ்டியரிங் கல்லாய்க் கனக்க, தரகர் திட்டிக்கொண்டே சரிவில் வண்டியை உருள விட்டார். அவள் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரிவின் அடியில் வேகத்தடை வந்தது.

டக்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வேகத்தடையிலும் டக் என்றது. இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் ஒரு திருகுகூடப் பொது கிடையாது. இரண்டிலும் பொதுவாக இருந்தது அவள் ஒருத்திதான்.

மூன்றாவது வேகத்தடைக்கு முன்னால் வாயைத் திறந்தாள். வண்டி ஏறி இறங்கியது, சத்தமே இல்லை.

"என்ன, கொட்டாவியா? வண்டி எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார் தரகர்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் லூஸா இருக்கேன்" என்றாள் அவள். தாடை மூட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். தொட்டாலே வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் சிரித்த முகமாக எதிரே வந்தார். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கிளிப் தளர்வாக இருந்ததைக் கண்டுபிடித்து, பிரித்ததைத் திரும்பப் பூட்டி, பத்து வண்டியிலும் அதற்கு ஒட்டுத்துணி வைத்தாகிவிட்டது, இனிமேல் சத்தம் வராது என்றார். ஆமாம், போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்துகொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து பச்சை ஒட்டிவிடலாம். பாம்புக்காது சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே மெச்சும். அந்த ஒரு நிமிஷம் அவள் மனசு அலைபாய்ந்ததை மறைப்பானேன்? அலைபாயத்தான் செய்தது. ஆனால் தனக்காக மேலே சண்டை போட்ட மனுஷன் காதில் பூச்சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"கிளிப் இல்ல சார். அந்தச் சத்தம் வண்டியில இல்ல, என் தாடையில" என்றாள்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்துப்போனது. சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"மூணு வண்டியக் குடலை உருவிப் போட்டோமேம்மா. இனிமே உங்க காதை யாரு நம்புவாங்க?" என்றார். பிறகு, மேடம் காதுக்கு இது போக வேண்டாம், சீக்கிரம் பத்தையும் முடித்துக்கொடுங்கள், வாசலில் ஏற்றிப்போக டிரெய்லர் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வாயைத் திறந்துகொண்டு ஓட்டினாள். தடத்தின் ஓரத்தில் நின்றவர்கள் முதல் சுற்றில் விழித்தார்கள், அடுத்த சுற்றில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வண்டிக்கும் பச்சை விழுந்தது. டிரெய்லர்காரர் சங்கிலியை எடுத்து வைத்துக்கொண்டார். ஏணி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

பத்தாவது வண்டி மூன்றாம் மேட்டில் ஏறி இறங்கியபோது, வாய் நன்றாகத் திறந்திருந்தபோதே, பின்னாலிருந்து ஒரு கடகடப்பு வந்தது.

அவள் இன்னொரு சுற்றுப் போனாள். வலது பின்கதவுக்குள் ஏதோ ஒன்று ஆடியது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை தப்பாகச் சொல்லி எல்லாரையும் அலைய வைத்தவள் மறுபடியும் சொன்னால் யார் கேட்பார்கள்? பேசாமல் பச்சை ஒட்டினால் டிரெய்லர் கிளம்பிவிடும். ஆலை பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் அப்புறம் தன் காதை அவளே நம்ப மாட்டாள். அது அவளுக்கு ஆலை கைவிட்டுப் போவதைவிடப் பயமாக இருந்தது. இறங்கினாள், சிவப்பை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள்.

சூப்பர்வைசர் அவளையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் மேட்டுக்கு வந்தபோது கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. அவரும் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

திரும்பி வந்து இறங்கி, "வலது பின்கதவு" என்றார். "ஒம்பதுதான் ரெடி மேடம். இது நிக்குது."

பாம்புக்காது அங்கேயே அழுதிருப்பாள், அத்தனை பேர் நின்றதால் அடக்கிக்கொண்டாள். மேடம் மட்டும் நம்பவில்லை. காலையிலிருந்து எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததே, நானே பார்க்கிறேன் என்று கைப்பையைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு குலுக்குப் பாதையை ஒரு சுற்றுச் சுற்றினாள். வந்து நிறுத்தியபோது அந்தப் புன்னகை இல்லை.

"ரெண்டு சத்தம் கேக்குதே" என்றாள். "ஒண்ணு நீங்க சொன்ன பின்கதவு. இன்னொண்ணு ரொம்பப் பக்கத்துல. என் காதுகிட்டயே டக்டக்குங்குது."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். பாம்புக்காதுக்கு அந்த நிமிஷம் ஏணிப்படமும், சந்தை திரும்பும் என்ற அலுங்காத பேச்சும் ஞாபகத்துக்கு வந்தன. ஏணி போட்டவளே இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாளா என்று பயம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. கதவைத் திறந்து மேடத்தின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பின்கதவை அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவாங்க மேடம். அந்த ரெண்டாவது சத்தம் வண்டியோடது இல்ல. வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு இன்னொரு சுத்து போங்க."

மேடம் வண்டியைக் கிளப்பினாள். சொன்னபடி ஓட்டினாள். மேடுகள் வந்தன, போயின. பின்கதவு மட்டும் கடகடத்தது. தடத்தின் கடைசியில், யாரும் நிற்காத இடத்தில், வண்டியை ஓரங்கட்டித் தாடையில் கை வைத்துப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எப்பலேர்ந்து இருக்கும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"ரொம்ப நாளாவே இருந்திருக்கும் மேடம்" என்றாள் பாம்புக்காது. "இன்ஜின் சத்தத்துல நமக்குக் கேக்கல."