மிதி பம்ப்பில் மூச்சு விட்ட காளான்

"கற்பூரம் காட்ற நேரந்தாம்மா. அப்பால போட்டுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே முதலாளி ஆயுத பூஜைக்காக மெயின் சுவிட்சை இறக்கினார். ஐயரோ இன்னும் வந்து சேரவில்லை. போன் செய்தால், குமணன்சாவடி நெரிசலில் சிக்கிக்கொண்டேன் என்கிறார்.

மண்ணூர்பேட்டையில் இருக்கும் எங்கள் ஷெட்டின் முன்பாதியில் அவருடைய லேத்துகள். பின்பாதியில் ஸ்டீல் தொட்டியும் நானும். தொட்டிக்குள் ரெய்ஷி என்னும் மருந்துக் காளானின் இழைகள் சர்க்கரைக் கரைசலில் வளர்ந்துகொண்டிருந்தன. அவை சுரக்கும், கரைசலைக் கூழாக்கும் பாலிசாக்கரைடு என்ற பிசின்தான் எங்கள் சரக்கு. அது ஒருமுறையும் கட்டுப்படியாகும் அளவுக்குக் கிடைத்ததில்லை. சர்க்கரையை மாற்றினேன், புளிப்பைச் சரிசெய்தேன், இழைகள் அறுபடாமல் இருக்கக் கலக்கும் வேகத்தைக் குறைத்தேன். இந்த முறைதான் கரைசல் கூழ் பதத்துக்குத் திரண்டு வந்தது. ஆனால் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. விஜயதசமி நல்ல நாள் என்று, தொட்டியை வாங்க மறுநாளே ஒருவர் வருவதாக இருந்தது. தொட்டி போனால் என் வேலையும் போகும்.

கலக்கும் மோட்டாரும் காற்று மோட்டாரும் நின்றுவிட்டன. கூழாகிவிட்ட கரைசலில் காற்று கரைவதே பெரும்பாடு. பேட்டரியில் ஓடும் மீட்டரில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது.

"சார், ஐயர் வர்ற வரைக்குமாவது போடுங்க. காளான் மூச்சு முட்டிச் செத்துடும்."

"பொட்டு வச்ச மிஷின ஓட்டக் கூடாதும்மா. இதே நாள்ல பிரஸ்ஸ ஓட்டித்தான் என் தம்பிக்கு வெரலு பூட்ச்சு."

காலையில் தொட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் ஆசை ஆசையாக வைத்ததே நான்தான். யாரை நோவது? கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"லேத்த நிறுத்தினா அது சும்மா நிக்கும். இது சாகும். உங்க வீட்டு மீன் தொட்டிக்கு இன்னிக்குக் காத்த நிறுத்தினீங்களா?"

அவர் வெளியே நடந்தார். சம்பளம் கொடுப்பவரிடம் வாயை விட்டுவிட்டோமே என்று இருந்தது எனக்கு. திரும்பி வந்தவர் கையில், கார் டயருக்குக் காற்றடிக்கும் மிதி பம்ப்.

"மிஷின்தான் ஓடக் கூடாது. நான் மிதிக்கலாமில்ல?"

கிருமியை வடிகட்டும் ஃபில்டரின் வாயில் குழாயை மாட்டினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மிதித்தார். தொட்டியில் பதித்த கண்ணாடி வழியே குமிழிகள் தெரிந்தன. மீட்டர் இறங்குவதை நிறுத்தியது. நான் மிதிக்கிறேன் என்றாலும் விடவில்லை. ஒருவழியாக ஐயர் வந்து கூப்பிட்டபோதும் காலை எடுக்கவில்லை. "தட்ட இங்கியே கொண்டாந்து காட்டு சாமி" என்றார்.

பூஜை முடிந்து மெயின் சுவிட்சைப் போட்டதும் முதல் வேலையாகப் போனை எடுத்தார்.

"நாளைக்கு வராத அண்ணாத்தே. தொட்டி குடுக்கறதா இல்ல."

"சார், எவ்வளவு தேறும்னே இன்னும் தெரியாதே" என்றேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "தேறலன்னா பாத்துக்கலாம். இம்மாநேரம் மிதிச்சிட்டு, எப்டிம்மா இத இன்னொருத்தன்கிட்ட தூக்கிக் குடுக்கறது?"