பிற்பாட்டு இல்லாத வரி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தேன். வேலை குட்மேய்ஸில், ஒரு பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால். வாரம் முழுக்க வாயில் தமிழே வராது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. அது முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு ஊர், உறவு எல்லாம். அதற்காக யாருடைய காலைப் பிடித்தாவது ஷிப்டை மாற்றிக்கொள்வேன்.

ஊரில் என் தம்பி ஓர் இயக்கத்தில் இருந்தான். இன்னோர் இயக்கத்துப் பெடியள் அவனைச் சுட்டுவிட்டார்கள். பூசையில் அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாட வேண்டுமென்று கேட்டேன். ஆமி சுட்டுச் செத்தவர்களுக்கு மன்றாட்டு உண்டு. கடலில் மூழ்கிப் போனவர்களுக்கும் உண்டு. என் தம்பிக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். அவனைச் சுட்டவர்களுக்கு வேண்டியவர்களும் அதே மண்டபத்தில்தான் தேத்தண்ணீர் குடித்தார்கள். பொறுத்தேன். ஒரு வருடம் போயிற்று. அவனுக்காக அழ லண்டனில் என்னைத் தவிர ஒருவருமில்லை என்பதுதான் என்னைத் தின்றது.

அந்த வருடத் திருநாளுக்கு நாட்டுக்கூத்துப் போட முடிவானது. எழுதித் தர ஆள் தேடினார்கள், நான் எழுதினேன். ரோமாபுரித் தளபதி ஒருவனின் வீட்டில் ஒரு கிறிஸ்தவ அடிமை. அடிமையின் சொந்தச் சனம் கோட்டையை வளைத்து நிற்கிறது. கதவுப் பூட்டின் திறப்பு அவன் கையில். திறந்தால் அவன் தூக்கி வளர்த்த தளபதியின் பிள்ளைகள் வெட்டுப்படுவார்கள். திறக்காவிட்டால் அவன் துரோகி. அந்த நேரம் செய்தி வருகிறது: தப்பிப்போய்ச் சொந்தப் படையில் சேர்ந்த அவன் தம்பியை, ஒற்றன் என்று சொல்லி அந்தப் படையே கொன்றுவிட்டது. அடிமை திறப்பைக் கிணற்றில் எறிந்துவிட்டுப் புலம்புகிறான்.

அடிமை நான்தான். காலில் என் சைக்கிள் பூட்டுச் சங்கிலி. தளபதியாக நடித்தவருக்கு யாரோ வீட்டு யன்னல் சீலை. அதைச் சுற்றிக்கொண்டு அவர் என்னைவிடப் பரிதாபமாக நின்றார். நல்ல மனிதர். ஒத்திகை முடிய என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டடியில் இறக்கிவிடுவார்.

புலம்பலைக் கேட்டதும் திருநாள் குழுத் தலைவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"தம்பி, கொன்றது ரோமாபுரிச் சிப்பாய் எண்டு மாத்தும். சனம் குழம்பும். பிறகு நீர் இஞ்ச வரவும் ஏலாது."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அந்த ஞாயிறுகளும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒத்திகைகளில் சிப்பாய் என்றே பாடினேன்.

கூத்தில் நடிகன் பாடும் வரியை ஓரத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடவேண்டும். அவர்கள் எடுத்த பிறகுதான் அடுத்த வரி. திருநாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. புலம்பலுக்கு முழங்காலில் இருந்தேன். சிப்பாய் என்ற சொல் வாயில் வரவில்லை. 'தம்பியைக் கொன்றது என் சனமே' என்று பாடினேன்.

பிற்பாட்டு வரவில்லை. மத்தளம் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பவும் பாடினேன். பிற்பாட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார்கள். வரியை அந்தரத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. பிற்பாட்டையும் நானே பாடினேன். அப்படியே கடைசி வரை, ஒவ்வொரு வரியையும் நானே பாடி நானே திருப்பிப் பாடி முடித்தேன்.

மங்களம் பாடிச் சனம் கலைந்தது. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே வந்து பார்த்தால் தளபதியின் வான் போய்விட்டிருந்தது. சங்கிலியைக் கழற்ற மண்டபத்துக்குள் திரும்பினேன். குசினியில் ஓர் அம்மா தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றார். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

"உங்கட தம்பிக்கு எத்தினை வயசு?" என்று திரும்பாமலே கேட்டார்.

"பத்தொன்பது."

"என்ர மகனுக்கும் பத்தொன்பதுதான்."

அவனும் போய்விட்டானாக்கும் என்று நினைத்து, அவனுக்காகவும் செபிக்கிறேன் என்றேன். அவர் குழாயைப் பூட்டினார்.

"அவன் சாகேல்லை, தம்பி. சுட்ட ஆக்களோட நிக்கிறான்."

போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கட தம்பியின்ர பேரைச் சொல்லுங்கோ. செபமாலை சொல்லேக்கை சேர்க்கிறன்."

சொன்னேன். அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு நான் அவருடைய மகனின் பெயரைக் கேட்டேன்.