ஒவ்வொரு வாரமும் வேறொருவன்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இரும்புக் கம்பெனி ஒன்றில் ஃபுட்பால் ஆடுவதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் நான் ஆடியது ஏ டீமில் இல்லை, பி டீமில். மெட்ராஸ் லீக்கில் இறங்குவது ஏ டீம். அவர்களுக்கு பர்மனென்ட் வேலை, ஃபேன் சுற்றும் ரூமில் நாற்காலி, புது பூட்ஸ். எங்களுக்கு ஃபர்னஸ் பக்கத்தில் டெம்பரவரி வேலை, அவர்கள் கழற்றிப் போட்ட பழைய ஜெர்சி. என் முதுகில் இருந்த எண் எட்டா மூன்றா என்று எனக்கே தெரியாது. அவ்வளவு வெளுத்துப் போயிருந்தது.

பி டீமின் வேலை ஜெயிப்பது இல்லை, எதிரியாக இருப்பது. ஏ டீம் ஞாயிற்றுக்கிழமை யாரோடு மோதப் போகிறதோ, வாரம் முழுக்க நாங்கள் அந்த டீமாக மாறிவிட வேண்டும். அவர்களுடைய முந்தின ஆட்டத்தைப் பார்த்துவர கோச் எங்களை பாசஞ்சர் வண்டியில் மெட்ராஸுக்கு அனுப்புவார். ஆளுக்கு ஓர் ஆளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

"நீ அவங்க லெஃப்ட் அவுட்டு. அவன் மூக்கச் சொறிஞ்சா நீயும் சொறியணும், புரிஞ்சிதா?"

லெஃப்ட் அவுட், அதாவது இடது கோட்டோரம் ஓடி ஆடுகிறவன், அதுதான் என் இடம். அடுத்தவனைப் போலவே ஆடுவது எனக்குப் பிரமாதமாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் நொண்டுகிற மாதிரி போய்த் திடீரென்று பாய்கிற ஒருவனாக இருப்பேன். அடுத்த வாரம் பந்தை வாங்கியதும் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொள்கிற இன்னொருவன். என்னைத் தடுக்க வேண்டிய எங்கள் ஏ டீம் ரைட் பேக், ஆள் மலை மாதிரி இருப்பான், என்னிடம் மாட்டிக்கொண்டு முழிப்பான். "பேமானி, நீ யாருன்னே தெர்ல, தினுசு தினுசா வர்றியே!" என்று கத்துவான். நான் சிரிப்பேன். சிரித்து என்ன பிரயோஜனம்? ஏ டீமில் இடம் கிடைத்தால்தான் பர்மனென்ட். பர்மனென்ட் ஆனால்தான் எனக்குக் கல்யாணம்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம்தான் எங்கள் ஊர். அத்தை மகள் எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. இடையில் மாமாவின் புத்தி மாறிவிட்டது.

"பர்மனென்ட்டு ஆயிட்டு வா நைனா, அப்பால பேசலாம். டெம்பரவரி ஆளுக்குக் கட்டிக் குடுத்தா கல்யாணமும் டெம்பரவரியாத்தான் இருக்கும்" என்றார்.

வந்த கோபத்தில் அவர் படகைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் படகில்தான் என் அப்பாவும் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

அத்தை மகளோ என்னை நேராகவே கேட்டாள். "ஏ டீமு எப்போ?"

"அந்த லெஃப்ட் அவுட்டுக்குக் காலு ஒடிஞ்சாத்தான்."

"சீ, அப்டிச் சொல்லாத. ஜொரம் வந்தாப் போதாதா?"

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அந்த சீசனின் பெரிய மேட்சுக்கு முந்தின நாள் எங்கள் லெஃப்ட் அவுட் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். பாவம்தான். ஆனாலும் என் மனசு குதித்ததை மறைக்க விரும்பவில்லை. கோச் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ எறங்கற. நம்ம கம்பெனி ஆபீசரும் பாக்க வர்றாரு. நல்லா ஆடினா பர்மனென்ட்டுக்குச் சொல்றேன்னு வாக்குக் குடுத்துகீறாரு. சொதப்பிடாத" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் எதிரி டீமின் லெஃப்ட் அவுட்டாகத்தான் இருந்தேன். மெட்ராஸே கொண்டாடிய ஆட்டக்காரன் அவன். இடது தோளைச் சாய்த்து, கோட்டோரம் ஓடப்போவது போலக் காட்டுவான். பிறகு பந்தை பூட்ஸின் அடிப்பக்கத்தால் பின்னுக்கு இழுத்து உள்ளே வெட்டிப் போய்விடுவான். அதை என் உடம்பில் ஏற்றி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் முதல் பந்து என் காலுக்கு வந்ததும் உடம்பு அதையே செய்தது.

எதிரியின் ரைட் பேக் அசையக்கூட இல்லை. காலை நீட்டிப் பந்தைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போனான். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை பந்தைப் பிடுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா நைனா, எங்க ஆளு சரக்க எங்கிட்டயே விக்கிறியா? டெய்லி பிராக்டீஸ்ல இதத்தான பாத்துகினு கீறேன்!"

சுருக்கென்றது. அட மடையா! தினமும் அந்த லெஃப்ட் அவுட்டோடு மல்லுக்கட்டுகிறவனிடமே அவன் வித்தையைக் காட்டியிருக்கிறேன். பி டீம்காரனைத் தவிர வேறு எவன் இப்படி ஒரு கூத்தடிப்பான்? வேறு ஆட்டம் ஆடலாம் என்றால் எதை ஆடுவது? யோசித்தபோது வந்ததெல்லாம் யார் யாருடையதோ. என்னுடையது என்று ஒன்றும் வரவில்லை.

இன்டர்வலில் எங்கள் மலை, அந்த ரைட் பேக், என் தோளைத் தட்டினான். "வாரம் பூரா நீ குடுத்த கொடைச்சலு இன்னிக்கி ஒதவுது மச்சான். அவங்க லெஃப்ட் அவுட்டால என்னத் தாண்டவே முடில." உண்மைதான். அந்தக் கோடியில் நான் சொல்லிக்கொடுத்தது பலித்தது, இந்தக் கோடியில் நான் செத்துக்கொண்டிருந்தேன். கோச் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பத்து நிமிஷம் பாப்பேன், அப்பால மாத்திடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி பந்து வந்தது. ரைட் பேக் இளித்துக்கொண்டே, "வா நைனா, தோள சாயி" என்றான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! சாய்க்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. வந்த பந்தை வந்த வேகத்திலேயே தாழ உள்ளே அடித்தேன்.

அடித்த பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. எங்கள் குப்பத்தில் ஆடிய இடத்துக்கு ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் காயப்போட்ட வலை. பந்து தண்ணீரில் விழுந்தால் உதைத்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். வலையில் விழுந்தால் பெண்கள் விளக்குமாற்றோடு வந்துவிடுவார்கள். அதனால் ஓரத்துக்குப் போகும் முன்பே பந்தை உள்ளே அடித்துவிடுவது எங்கள் வழக்கம். அதை ஓர் ஆட்டம் என்று நான் நினைத்ததே இல்லை.

ரைட் பேக் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து புல்லை உரசிக்கொண்டு கோல் போஸ்டுக்கு முன்னால் குறுக்கே போனது. எங்கள் சென்டர் ஃபார்வர்டு சும்மா காலை வைத்தான். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். ஆபீசர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மாமா கொஞ்சம் முனகிவிட்டு வெற்றிலை பாக்கு மாற்றினார். அவள் மட்டும், "காமாலை ஆளு எழுந்து நடக்கறானா? மொதல்ல அதச் சொல்லு" என்று கேட்டாள். நடக்கிறான் என்றதும்தான் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மெட்ராஸில் வேறொரு வெளியூர் கம்பெனி டீமோடு மோதினோம். அன்றைக்கு நான் அடித்த பந்தெல்லாம் தடுக்கப்பட்டது. டிரா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரன் ஒருவன் எதிரி டீமின் பந்து மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு என்னிடம் வந்தான். ஜெர்சியில் எண் வெளுத்திருந்தது.

"பிரதர், வாரம் பூரா நான்தான் நீ" என்றான்.

என்னைப் பார்க்க ஒருவன் ரயிலேறி வந்திருக்கிறான். என்னை மாதிரி ஓடிப் பழகியிருக்கிறான். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு யாரா ஆவப்போற?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல பிரதர்."

"அது கெடக்கட்டும். உங்க ஊர்ல நீ எப்டி ஆடுவே?"

அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தான். எங்கள் ஆட்கள் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கத்தினார்கள். போனால் போகட்டும், அடுத்த வண்டி இருக்கிறது என்று நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.